புகை கசிந்த இடம்

ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கிவிட்டுக் கையை எடுத்தால் கார்பரேட்டருக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். மேலே ஏறிய ஸ்லைடு கீழே இறங்கி உட்காரும் சத்தம் அது. கட்டைவிரல் பருமனில் ஒரு சின்ன உருளை, அவ்வளவுதான். அது இறங்கினால் வண்டி அடங்கும், இறங்காவிட்டால் அடங்காது. அனந்தநாராயணன் சாரின் பழைய ஸ்கூட்டரில் அந்தச் சத்தத்தை அன்று மத்தியானம் ஒன்பது தடவை கேட்டேன். பத்தாவது தடவை முறுக்கியபோது அவர் குடையை மடக்கி ஸ்டூலில் வைத்தார்.

"யூசுபே, நான் இத ஓட்டறது ஆத்துலேர்ந்து அம்பலம் வரைக்கும், அம்பலத்துல சாமி தொழுதுட்டுத் திரும்ப ஆத்துக்கு. நீ என்ன விமானமா செக் பண்றே?"

"இன்னும் ஒரு தடவ மட்டும், சார்."

"போன வருஷம் வரைக்கும் நீ இப்படி இல்லயே" என்றார். நான் இன்னொரு தடவை முறுக்கினேன்.

போன வருஷம் வரைக்கும் நான் இப்படி இல்லைதான். இப்போது என் ஒர்க்‌ஷாப்பில் விட்ட வண்டி சொன்ன நாளில் திரும்பாது என்று பஜார் ரோடு முழுக்கப் பேச்சு. பழைய மிளகு கோடவுனின் முன்பாதியில்தான் என் ஒர்க்‌ஷாப். அதன் மூலையில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு வண்டி நிற்கிறது. என் தங்கை லுப்னாவின் கணவன் மொய்து ஓட்டி இறந்த வண்டி. கேஸ் முடிந்து போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்து இரண்டு மாதமாகிறது. தார்ப்பாயை நான் எடுக்கவில்லை. எடுத்து, எஞ்சினுக்குக் காற்று போகும் ஏர் பாக்ஸைக் கழற்றிப் பார்க்க அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தில் மொய்துவைக் கொன்றது அவனுடைய வேகமா, என்னுடைய விரலா என்று தெரிந்துவிடும். அதனால்தான் எடுக்கவில்லை.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். சாயங்காலம் ஆறே காலுக்கு, மொய்து வேலை விட்டு வரும் நேரத்துக்கு, அந்த வண்டி வரும் சத்தம் எனக்குக் கேட்கும். சைலன்சர் சத்தமல்ல, அது எல்லா வண்டிக்கும் உண்டு. நானும் மொய்துவும் கட்டிய ஏர் பாக்ஸ் காற்றை இழுக்கும் சத்தம், அடித்தொண்டையிலிருந்து வரும் ஓர் உறுமல். அடைத்த கோடவுன் கதவுகளில் பட்டுப் பட்டு எங்கள் தெரு வளைவு வரைக்கும் வரும். வளைவில் அறுந்தாற்போல் நின்றுவிடும். நான் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பேன். ஒரு நாள் தார்ப்பாய்க்குள் கையை விட்டு எஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது. அது சூடாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கிறேன் என்பதை எண்ணி அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மொய்து இடக்கொச்சியில் மீன்பிடி வள்ளம் கட்டும் யார்டில் ஃபைபர் வேலை செய்தான். அவனுடைய டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு அவனைவிட நாலைந்து வயதுதான் குறைவு. அதற்குக் கம்பெனி வைத்த ஏர் பாக்ஸ் சளி பிடித்த மூக்கு, போதுமான காற்று உள்ளே போகாது, பெரிதாக ஒன்று நாமே கட்டலாம் என்று என் உயிரை எடுத்தான். யார்டில் மிஞ்சிய ஃபைபர் பாயையும் ரெசினையும் கொண்டு வந்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்தோம். பழைய பெட்டியின் பின்பக்கத்தை அறுத்து எடுத்து, அந்த இடத்தில் அகலமாக ஒரு பெட்டியும், கார்பரேட்டரை நோக்கி ஒரு கழுத்தும் அவன் வார்த்தான். வள்ளத்துக்குச் செய்வது போலவே அடுக்கடுக்காகப் பாய் போட்டு, ரோலரால் குமிழி எடுத்து, அப்படி ஒரு நேர்த்தி. அவன் வார்த்ததில் ஊசி முனை ஓட்டை கிடையாது. பெட்டியும் கழுத்தும் சேரும் இணைப்பை அடைப்பது மட்டும் என் பொறுப்பு.

அடைத்துச் சோதித்துப் பார்த்த நாள் வியாழக்கிழமை. எங்கள் வீட்டில் வியாழன் சாயங்காலம் சாம்பிராணி போடுவது வழக்கம். லுப்னா தூபக்காலோடு ஒர்க்‌ஷாப்புக்கும் வந்தாள். அவள் கையிலிருந்த புகையைப் பார்த்ததும் மொய்துவுக்கு யோசனை வந்தது. பாக்ஸின் வாயை டேப் ஒட்டி அடைத்து, கழுத்தில் துணி திணித்து, அடியிலிருந்த ரப்பர் குழாய் வழியாகப் புகையை உள்ளே ஊதினோம். எங்கே கசிகிறது என்று மூன்று பேரும் குனிந்து தேடினோம். "தோ, இங்க" என்று விரல் நீட்டியது லுப்னாதான். கழுத்து சேரும் இடத்தில், அடிப்பக்கம், நூல் போல ஒரு புகை.

கழற்றித் தேய்த்து, இன்னொரு அடுக்கு ஃபைபர் போட்டு, இரண்டு நாள் காய விட்டிருக்க வேண்டும். "நாளைக்கு யார்டுல எல்லாருக்கும் காட்டணும் அளியா" என்றான் மொய்து; மச்சானை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். அலமாரியில் மீன் தொட்டி ஒட்டும் சிலிகான் ட்யூப் ஒன்று கிடந்தது. பெட்ரோல் ஆவி பட்டால் அது ஊறி, உப்பி, உரிந்துவிடும். எனக்கு அது தெரியும். தெரியாமல் செய்திருந்தால் இந்த ஒரு வருஷம் தூங்கியிருப்பேன். வெளிப்பக்கம் பூசியிருந்தாலாவது உரிந்தது ரோட்டில் விழுந்திருக்கும். அவன் வேலை அவ்வளவு அழகாக இருந்தது, அதன்மேல் என் வெள்ளைக் கோடு அசிங்கமாகத் தெரியுமே என்று உள்பக்கம் பூசினேன். விரலைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து வழித்து, முடியும் இடத்தில் ஒரு தடவை அழுத்தி எடுத்தேன். அது என் பழக்கம். மறுபடி புகை விட்டோம், கசியவில்லை. "ஒரு வாரம் ஓட்டு, அப்புறம் கழட்டி நல்லா செஞ்சிடலாம்" என்றேன். அந்த வாரமும் போனது, அடுத்த வாரமும் போனது. பதினேழாம் நாள் இடக்கொச்சி வளைவில் மொய்து மதிலில் மோதினான்.

அந்த வளைவில் ரோட்டோரத் தட்டுக்கடை வைத்திருக்கும் சுப்புராஜ் தேனிக்காரர். கபரடக்கத்துக்கு வந்தவர் என் பக்கத்தில் நின்று சொன்னார். "பிரேக் லைட்டு எரியுதுண்ணே, அப்பவும் வண்டி கத்திக்கிட்டே போவுது. விழுந்த பொறவும் அடங்கல. நாந்தான் ஓடிப் போயி சாவியத் திருப்பினேன். அப்படி ஒரு ஸ்பீடு." எல்லோரும் கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். போலீஸ் அதிவேகம் என்று எழுதியது. ஹேண்டில்பார் வளைந்து கேபிள் அறுந்திருந்ததால் ஆக்ஸிலேட்டரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. நான் மட்டும் முதல் இரண்டு வாக்கியங்களோடு வீட்டுக்கு வந்தேன். கிளட்சைப் பிடித்திருக்கக் கூடாதா, சாவியைத் திருப்பியிருக்கக் கூடாதா என்று செத்தவனிடம் இன்றைக்கும் சண்டை போடுகிறேன். இரண்டு விநாடியில் யாருக்கு என்ன தோன்றும்?

அனந்தநாராயணன் சார் போன கொஞ்ச நேரத்தில் லுப்னா வந்தாள். ஜூ டவுன் யூதத் தெருவில் மசாலாக் கடையில் பாக்கிங் வேலை முடிந்து, வீட்டுக்குப் போய், சாயங்கால அசர் தொழுதுவிட்டு வந்திருந்தாள். கையில் தூபக்கால். 

"ஞாயித்துக்கிழம அவருக்கு வருஷ ஃபாத்திஹா ஓதணும்" என்றாள். "அதுக்குள்ள இந்த வண்டி இங்கேர்ந்து போணும் காக்கா." எங்கள் வீடுகளில் அண்ணன் என்றால் காக்கா.

"யாரு எடுக்கறா?"

"பாண்டியராஜன். யார்டுல அவர்கூட வேல செஞ்ச ஆளு. பாக்ஸோட வேணுமாம். அந்தச் சத்தத்துக்காகவே எடுக்கறாராம்."

பாண்டியராஜனும் அதே ரோட்டில்தான் போக வேண்டும், அதே வளைவில். "பாக்ஸ் கேடாயிப் போச்சு லுப்னா. வேற பழசு ஒண்ணு மாட்டிக் கொடுக்கறேன்" என்றேன்.

அவள் தார்ப்பாயின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தாள். இரண்டு மாதத் தூசி விரலோடு வந்தது. "தொறக்காமலே எப்படித் தெரியும்?"

 அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கரியை ஊதினாள்.

"அன்ஸியா முந்தாநேத்து கேக்கறா, வாப்பாக்கு அப்ப நம்ம ஞாபகமே வரலியான்னு. வந்திருந்தா மெதுவா போயிருப்பாருன்னு சொல்லிட்டேன். பெத்த மககிட்ட, எட்டு வயசுப் புள்ளட்ட, அப்படிச் சொல்லலாமா? சொல்லிட்டேன். எனக்கு அவர்மேல அம்புட்டு தேஷ்யம், அம்புட்டு கோவம் காக்கா. கபர்ல வெச்ச ஆளுமேல தேஷ்யப்பட்டுட்டே நான் ஒரு வருஷமா துஆ கேக்கறேன்." பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாள். "அன்னிக்கு மாதிரி புகை விட்டு நோக்கு. நல்லதுன்னா அவருக்குக் கொடு, இல்லன்னா ஒடச்சுப் போடு. இதோட மதி, போதும்."

தார்ப்பாயை எடுத்தேன். போல்ட்டுகள் துருப்பிடித்துப் போயிருந்தன. எண்ணெய் விட்டுத் தட்டித் தட்டிக் கழற்றுவதற்குள் வெயில் வாசலைவிட்டு இறங்கிவிட்டது. பாக்ஸைக் கையில் எடுத்ததும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கழுத்துக்குள் எட்டிப் பார்த்தேன். நான் இழுத்த வெள்ளைக் கோடு சுற்றிலும் இருந்தது. அடிப்பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்கு இல்லை.

தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் நான் செய்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. வாயை டேப் போட்டு அடைத்தேன், கழுத்தில் துணி திணித்தேன், பாக்ஸை அவள் பக்கம் திருப்பும்போது அந்த இடத்தை உள்ளங்கையால் பொத்திப் பிடித்துக்கொண்டேன். தாங்கிப் பிடிப்பது போலத்தான் இருந்திருக்கும். லுப்னா குழாய் வழியாகப் புகையை ஊதினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு என் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையிலிருந்து புகை வந்தது.

"கைய எடு காக்கா."

எடுத்தேன். நூலாக இல்லை இப்போது, தாராளமாக வந்தது. அவள் ஊதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் காட்டின இடம்" என்றாள். "அன்னிக்கு நீ இத அடச்சது இல்லயா?"

"அடச்சேன்."

"பின்னே அது எங்க போச்சு?"

பொய் சொல்ல ஒரு வழியும் மிச்சமில்லை. நோஸ் பிளையரை எடுத்துக்கொண்டு வண்டியின் முன்னால் மண்டியிட்டேன். கார்பரேட்டரின் பின்வாயில் டார்ச் அடித்தேன். கேபிள் அறுந்தால் ஸ்ப்ரிங் தள்ளி ஸ்லைடு தானாகக் கீழே விழுந்திருக்க வேண்டும். ஒரு வருஷமாகியும் அது மேலேயே நின்றுகொண்டிருந்தது. அதன் பக்கவாட்டில், சுவருக்கும் அதற்கும் நடுவில், வெள்ளையாக ஏதோ செருகிக் கிடந்தது. பிளையரால் கவ்வி இழுத்தேன். முதலில் வரவில்லை. இரண்டாவது தடவை இழுத்ததும் வந்தது.

'டக்.'

லுப்னா திடுக்கிட்டாள். "என்ன அது?"

"ஸ்லைடு. இறங்கிடுச்சு." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "அவன் முறுக்கல லுப்னா. அவன் கைய எடுத்துட்டான். வண்டிதான் விடல. நான் பூசினது உரிஞ்சு உள்ள போயி இத மேலயே பிடிச்சு வெச்சிருச்சு. பெட்ரோலுக்கு ஆகாத சாமான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பூசினேன்."

அவள் அழவில்லை. தூபக்காலை மெல்லக் கீழே வைத்தாள். கடைசி வள்ளம் படகுத்துறையில் சேரும் சத்தம் கேட்டது.

"அப்போ பிரேக் பிடிச்சாரு" என்றாள்.

"பிடிச்சான். சுப்புராஜ் பார்த்திருக்கார்."

"வீட்டுக்கு வரணும்னு பிடிச்சாரு."

 தலையை ஆட்டினேன். அவள் கையை நீட்டினாள். பிளையரிலிருந்த துண்டை அவள் உள்ளங்கையில் வைத்தேன். நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அவள் அதை வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் ஒரு பக்கத்தில் மெல்லிய விரல் ரேகைகள் இருந்தன, ரேகைகளுக்குக் குறுக்கே ஒரு கோடு. எனக்குப் பத்தொன்பது வயதில் ஆள்காட்டி விரலை வண்டிச் செயின் நறுக்கிய கோடு அது. தையல் போடும்போது அவள்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது அவளுக்கு அன்ஸியாவின் வயதுதான் இருக்கும்.

"கையக் காட்டு காக்கா."

வலது கையை நீட்டினேன். கிரீஸும் கரியும் அப்பிய ஆள்காட்டி விரலை அவள் தன் துப்பட்டா நுனியால் துடைத்தாள். பொறுமையாக, குழந்தைக்குத் துடைப்பது போலத் துடைத்தாள். பிறகு அந்தத் துண்டை என் விரல் நுனியில் வைத்தாள். தழும்பின் மேல் தழும்பு சரியாக உட்கார்ந்தது. அதை அங்கேயே வைத்துத் தன் இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டாள். அழுத்தவுமில்லை, விடவுமில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கழற்றி வைத்த பாக்ஸிலிருந்து மிச்சப் புகை அந்த இடத்தின் வழியாக இன்னும் வந்துகொண்டிருந்தது.

பஜார் ரோடு பக்கத்திலிருந்து அந்த உறுமல் கிளம்பியது. ஆறே கால் ஆகியிருக்க வேண்டும். எனக்கு மட்டும் கேட்கிறதோ என்று அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். லுப்னாவின் தலை எனக்கு முன்பே தெரு வளைவின் பக்கம் திரும்பியிருந்தது. கதவு கதவாகப் பட்டு அது வந்தது. வளைவை நெருங்கியதும் இந்தத் தடவை அறுந்து நிற்கவில்லை, யாரோ ஆக்ஸிலேட்டரில் கையைத் தளர்த்தியது போல மெல்ல இறங்கி, இறங்கி, அடங்கியது. லுப்னா என் விரலைப் பிடித்தபடியே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.