பட்டியலில் இல்லாத பெட்டி

ஐஸ்கிரீம் கிடங்கின் டிஜிட்டல் உருமாற்றத் தலைமை இயக்குநர் காலையில் ஒரு புதுப் பாதுகாப்பு விதியை அமலுக்குக் கொண்டுவந்தார். பட்டியலில் உள்ள கருவிகள் மட்டுமே இனி சர்வரோடு பேசலாம். நல்ல விதிதான். பட்டியலில் ஒன்றையும் சேர்க்க மறந்துவிட்டார், அவ்வளவே குறை. அவருடைய லேப்டாப்பே வெளியே நின்றது. குளிரூட்டிகளும் கட்டளை வராமல் நின்றுவிட்டன. மைனஸ் பதினெட்டில் இருந்த கிடங்கு பத்து மணிக்கு மைனஸ் பன்னிரண்டு.

சர்வரில் நேரடியாகத் தட்டலாம் என்றால் அதற்குத் திரையும் இல்லை, கீபோர்டும் இல்லை. அறையின் அழகைக் கெடுக்கிறது என்று இயக்குநரே கழற்றச் சொல்லியிருந்தார்.

வேறு வழியில்லாமல் டெக்னீஷியனின் அறைக்கு வந்தார். டெக்னீஷியனுக்கு ஒப்பந்தம் அன்று மாலையோடு முடிகிறது. நீட்டிப்புத் தாள் ஒரு வாரமாக இயக்குநரின் மேசையில் கையெழுத்தில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

டெக்னீஷியனின் மேசையில் ஒரு பழைய வீட்டுக் கம்ப்யூட்டர். கீபோர்டுக்குள்ளேயே முழு இயந்திரமும் அடக்கம். காயலான் கடையில் இரண்டு டீ விலைக்கு வாங்கியது. திரைக்கு, மச்சினி வேண்டாமென்று தள்ளிவிட்ட டிவி. கம்ப்யூட்டரின் பின்னாலிருந்து ஒரு ஒயர் சுவரோரமாக ஓடி, நேரே சர்வரின் முதுகில் செருகியிருந்தது. நெட்வொர்க் பக்கமே அது போகாததால் புது விதி அதைக் கண்டுகொள்ளவில்லை.

"இதுல என்னய்யா வரும்? வீடியோ கேமா?"

"வெறும் எழுத்து வரும் சார். வேலைக்கு அது போதும்."

இயக்குநர் டிவித் திரையை செல்போன் போல விரலால் தள்ளிப் பார்த்தார்.

"தூசிதான் சார் போகும். கொஞ்சம் நகருங்க."

டெக்னீஷியன் அந்த ஒயர் வழியே சர்வருக்குள் நுழைந்து விதியை நீக்கினார். சுவருக்கு அப்பால் குளிரூட்டிகள் உறுமத் தொடங்கின. அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா வந்து நின்றார்.

"கூலரெல்லாம் நின்னுபோச்சாமே, யார் பண்ண வேலை இது? அந்தப் பெட்டியில காட்டுமா?"

"காட்டும் மேடம்."

சர்வரில் யார் எதை மாற்றினார் என்ற பதிவு வரிவரியாக வந்தது. நடுவில் இயக்குநரின் பெயர், பதவியோடு. வரிக்கு நாற்பது எழுத்தே கொள்ளும் திரையில் இரண்டு வரியை வளைத்துப் போட்டு உட்கார்ந்திருந்தது. முதலாளியம்மா கைப்பையில் கண்ணாடியைத் துழாவிக்கொண்டிருந்தார். இயக்குநர் டெக்னீஷியனைப் பார்த்தார். கட்டிய மனைவியைக்கூட அவ்வளவு உருக்கமாகப் பார்த்திருக்க மாட்டார்.

டெக்னீஷியன் என்டர் தட்டினார். வரிகள் மேலேறி மறைந்தன.

"எங்கப்பா? கொஞ்சம் பின்னால ஓட்டு."

"இந்தப் பெட்டியில மேல போனது திரும்பி வராது மேடம். சர்வர்ல இருக்கும், தேடி எடுக்க நாளாகும். நான் சாயங்காலம் வரைக்கும்தான் இருக்கேன்."

முதலாளியம்மா இயக்குநர் பக்கம் திரும்பினார். "நாளைக்கு இவர் எங்க போறாரு?"

"எங்கேயும் போகல மேடம்" என்றார் இயக்குநர், பேனாவைத் திறந்துகொண்டே. "அதைத் தேடவே மூணு வருஷம் ஆகுமே."