மிஞ்சிய இரண்டு

கணக்கு டீச்சரான மனைவி போய் இரண்டு மாதம். அவள் குரலெல்லாம் போனுக்குள் பூட்டிக் கிடந்தது. தையல்காரர் தெரிந்த தேதி, தெரிந்த நம்பர் எல்லாம் போட்டுப் பார்த்து ஒன்பது தடவை மண்ணைக் கவ்வியிருந்தார். இன்னும் ஒரு தடவை தப்பினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும் என்று மகள் எச்சரித்துவிட்டுப் போயிருந்தாள்.

போனைத் திறக்கும் எண்ணை மனைவி சொல்லாமலா இருந்தாள்? ஒன்று முதல் ஒன்பது வரை எல்லா இலக்கமும் ஒரே ஒரு முறை வரும். முதல் இரண்டு இலக்கம் இரண்டால் மீதியில்லாமல் வகுபடும், முதல் மூன்று மூன்றால், இப்படியே ஒன்பது வரை. உலகத்திலேயே அப்படி ஒன்றுதான் என்று, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பென்சிலால் கைப்பிடியைத் தட்டித் தட்டிச் சொல்வாள். இவர் மெஷினை மிதித்துக்கொண்டே 'ம்' கொட்டுவார். அந்த 'ம்'மை நினைத்தால் இப்போது தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, மேசையில் பழுப்புக் காகிதம் விரித்து, துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்தார். ஐந்தாவது இடத்தில் ஐந்துதான் வர முடியும், பூஜ்யம் கிடையாதே. இரட்டைப்படை இடங்களில் இரட்டைப்படை எண்கள். ஒவ்வொன்றாகக் கழித்துக் கட்டியதில் பத்து எண்கள் தேறின. இனி ஏழு ஒன்றுதான் பாக்கி. ஏழு கறாரான ஆள், லேசில் மசியாது.

முதலில் அகப்பட்டதில் முதல் ஏழு இலக்கம் 9816543. ஏழால் வகுத்தார். இரண்டு மிஞ்சியது. முப்பது வருஷமாக அளவுக்கு மேல் கொஞ்சம் துணி விட்டே வெட்டிய கை அது. இரண்டுதானே, தையலில் பிடித்துக்கொள்ளலாம் என்று போனை எடுத்துவிட்டார்.

டொக், டொக்.

நாற்காலியில் யாருமில்லை. பென்சிலும் இல்லை, அதை அவள் கையிலேயே வைத்து அனுப்பியாயிற்று. அவருக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. போனை வைத்துவிட்டு அடுத்த எண்ணை வகுத்தார். மீதி வந்தது, தட்டலும் வந்தது. எட்டாவது தட்டலுக்குள் பயம் போய், அதற்காகவே காத்திருக்கத் தொடங்கியிருந்தார்.

3816547. நூலிழை மிஞ்சவில்லை. அறையில் சத்தமே இல்லை. பின்னால் இரண்டும் ஒன்பதும் சேர்த்து, 381654729 என்று போட்டார்.

போன் திறந்தது. கடைசிப் பதிவில் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் அவள் குரல்.

"ஏழுல கொஞ்சம் மிஞ்சினா பரவாயில்லன்னு விட்டுடுவீங்க நீங்க. கேக்கறீங்களா?"

"ம்," என்றது அவருடைய பழைய குரல்.

"பொய். தப்பாப் போட்டா நான் வந்து தட்டுவேன், பாருங்க."

பதிவு நின்றது. இப்போது நிஜமாகவே கேட்கிறேன் என்று காலி நாற்காலியிடம் சொன்னார். விடைதான் சரியாகிவிட்டதே, இனி அவளுக்கு இங்கே என்ன வேலை?

பிறகு புதுக் காகிதம் ஒன்றை விரித்து, 9816543 என்று பெரிதாக எழுதி, ஏழால் வகுத்து, மிஞ்சிய இரண்டை அப்படியே விட்டுவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.