முப்பது மைலில் ஆடிய பல்செட்

சேக் அலாவுதீன் ராவுத்தரின் பஸ் முப்பது மைல் வேகத்தைத் தொட்டால், அவருடைய புதுப் பல்செட் தானாகப் பேச ஆரம்பித்துவிடும். இருபத்தைந்தில் நல்ல மனிதர்தான். முப்பதில் வாய்க்குள் யாரோ தாயக்கட்டை உருட்டுகிற சத்தம் கேட்கும்.

அந்த பஸ்ஸின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஒரு பழைய லாரியின் டீசல் எஞ்சினையும் கியர் பெட்டியையும் பூட்டியவன் ஹனீபா. ராவுத்தரின் மகள் ரமீஜாவைக் கட்டப் போகிறவனும் அவனே. போகிறவன் என்று சொல்வது இப்போது கொஞ்சம் அதிகம்.

"வண்டி நல்லபடியா ஓடட்டும். அப்புறம் நிக்காஹ் தேதி பேசுவோம்," என்று ராவுத்தர் முதலிலேயே சொல்லியிருந்தார். வண்டி ஓடியது, நடுங்கிக்கொண்டே ஓடியது. மோர்க்காரி உண்ணாமலைக்கு மட்டும் சந்தோஷம். ஏறும்போது தயிர், இறங்கும்போது வெண்ணெய். ஹனீபாவுக்குச் சோறு இறங்கவில்லை. ரமீஜா இல்லாத வாழ்க்கையை நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

எஞ்சினைத் தாங்குகிற ரப்பரை மாற்றினான். கிளட்சைப் பிரித்துப் பார்த்தான். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் ஒரு காலை, ராவுத்தரை டிரைவர் மூக்கனுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தான்.

"மாமா, வாயை லேசாத் தொறந்து வச்சுக்கங்க. பேசாதீங்க."

மூன்றாம் கியரில் முப்பது: பல் ஆடியது. டாப் கியரில் முப்பது: அதே ஆட்டம். கியர் மாறினால் எஞ்சின் சுற்றுகிற வேகம் மாறும். பல்லின் தாளமோ மாறவில்லை. பிறகு நியூட்ரலில் போட்டு எஞ்சினையே நிறுத்தச் சொன்னான். வண்டி சத்தமில்லாமல் உருண்டது. பல் மட்டும் ஓயவில்லை.

"எஞ்சின் மேல குத்தமில்ல மாமா. கியர் பெட்டிக்குப் பின்னாலதான் இருக்கு."

வல்லத்திராக்கோட்டை தாண்டி ஐயனார் கோயில் ஓரம் வண்டி நின்றது. கியர் பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற நீள இரும்புக் குழாய்தான் பிரப்பல்லர் ஷாஃப்ட். தன் கையால் பூட்டியது என்ற திமிரில் ஹனீபா அதை மட்டும் இதுவரை குனிந்து பார்க்கவில்லை. இப்போது படுத்துப் பார்த்தான். குழாயின் ஒரு பக்கத்தில், கிரீஸில் ஊறிய மஞ்சள் துணிக்குள், கம்பியால் இறுக்கிய ஒரு கனத்த இரும்புக் காப்பு இருந்தது.

அந்தக் காப்பு அவனுக்குத் தெரியும். வண்டிக்கு அடியிலிருந்து பார்த்தபோது, மூக்கனின் கால்கள் மெல்ல அங்கிட்டு நகர்ந்துகொண்டிருந்தன.

"மூக்கண்ணே, நில்லுங்க."

மூக்கன் வெறும் மணிக்கட்டைத் தடவியபடி நின்றார். "வேண்டுதல் தம்பி. புது எஞ்சின் நல்லபடியாக் கெளம்புனா ஐயனார நூத்தியெட்டு சுத்து சுத்துறேன்னு வேண்டிக்கிட்டேன். எஞ்சின் கெளம்பிருச்சு, என் முழங்கால் கெளம்பல. வண்டிதான் தெனமும் இங்கிட்டு வருதே. சின்ன வயசுலேருந்து போட்ட காப்பு, அது சுத்துனா நான் சுத்துன மாதிரிதான? இந்நேரம் லட்சம் சுத்துக்கு மேல ஆயிருக்கும்."

"நீ ஐயனாரச் சுத்தல மூக்கா, குழாயச் சுத்திருக்க," என்றார் ராவுத்தர். "ஒரு பக்கமா இம்புட்டு கனத்தக் கட்டுனா வண்டி ஆடாம என்ன செய்யும்? எஞ்சின் கெளம்புனா ஒனக்கென்ன, கெளம்பாட்டி ஒனக்கென்ன?"

"எனக்கு ஒண்ணுமில்ல மொதலாளி. வண்டி ஓடலன்னா இந்தத் தம்பிக்குப் பொண்ணு கெடைக்காதுன்னீங்க. மனசு கேக்கல."

ஹனீபா திட்டுவதை விட்டுவிட்டு, கம்பியை அவிழ்க்க மறுபடி வண்டிக்கு அடியில் படுத்தான்.

காப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினார்கள். முப்பது மைல் வந்தது. ராவுத்தர் வாயைத் திறந்து, "ஆவுடையார்கோவில்," என்று சொல்லிப் பார்த்தார். ஓர் எழுத்தும் உதிரவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

"தேதி, மாமா?"

"மூக்கன வண்டியத் திருப்பச் சொல்லு. மொதல்ல அவன் வேண்டுதல் முடியட்டும். நான் எண்ணுறேன். முடிஞ்சதும் தேதி சொல்றேன்."

ஐயனார் கோயிலில் மூக்கன் முதல் சுற்றிலேயே நொண்டினார். ஹனீபா அவர் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான். "எனக்காக வேண்டுனது. நானும் வாரேன்." வெயில் ஏறியது. இருவரும் சுற்றினார்கள், சுற்றினார்கள், கால் மரத்துப்போகும் வரை சுற்றினார்கள்.

"மாமா, எத்தனை ஆச்சு?"

பஸ் படியில் சாய்ந்திருந்த ராவுத்தர் திடுக்கிட்டு விழித்தார். சரிந்திருந்த பல்செட்டை உள்ளே தள்ளினார்.

"வண்டி ஆடாததால கண்ணசந்துட்டேன்பா," என்றார். "மொதல்லேருந்து வாங்க."