உப்புப் பட்ட சீட்டு

1

ஒத்துக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குப் பாதிதான் கிடைத்தது. மகளின் பி.காம். படிப்புக்கு எந்தப் பல்கலைக்கழகம் என்று தலையைப் பிய்த்துக்கொண்டு, இரண்டு விண்ணப்பங்களை மடியில் வைத்தபடி கருங்கல் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கை லீமா அம்மாள் எட்டிப் பார்த்தார். "எனக்கும் ரெண்டெடத்துல கெடச்சுது மக்கா, அம்பத்தாறுல" என்றார். சொல்லிக்கொண்டே வந்தவர், தன் நிறுத்தம் வந்ததும் இறங்கிப் போய்விட்டார். நான்தான் அந்தப் பஸ்ஸை விட்டு இன்னும் இறங்கவில்லை.

2

தேங்காய்ப்பட்டணத்துக் கடலில் அன்று அலைகள்—

வேண்டாம். அலை இல்லாமல் எனக்குத் தொடங்கத் தெரியாதா என்ன?

லீமாவின் அப்பா சிலுவைதாசன் கருவாட்டு வியாபாரி. அம்மா இல்லை. இன்டர்மீடியட் முடித்தவளுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. திருவனந்தபுரம் என்றால் பஸ் தூரம். திருவிதாங்கூர் சர்வகலாசாலைப் பட்டம். சென்னை என்றால் திருநெல்வேலி போய் ரயிலேற வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம். நம்ம தாலுகா திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு மதராசோடு சேரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். சேர்ந்தால் எந்தப் பட்டம் செல்லும்? சேராவிட்டால்? காலையில் ஒன்று சொல்வாள், மத்தியானம் மாற்றிச் சொல்வாள். சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமைக்குள் பதில் போட்டாக வேண்டும்.

"மெட்ராசுக்கு விடதுக்கு எனக்குப் பயமாட்டு இருக்கு" என்றார் சிலுவைதாசன்.

"அப்பம் திருவனந்தபுரத்துக்கு விடுவியளா?"

"அதுவும் பயந்தான்."

[இந்த அப்பாவைக் கொடுமைக்காரராக ஒருமுறை எழுதிப் பார்த்தேன். பாவம், மனுஷனுக்கு அது ஒட்டவே இல்லை.]

3

"அந்தோனியார்ட்ட கேப்போம்" என்றார் அப்பா. ஒரு முடிவுக்கும் வரமுடியாதபோது சீட்டெழுதி, புனிதரின் காலடியில் குலுக்கி எடுப்பது அவர்கள் வழக்கம். திருவுளச் சீட்டு. வந்தது வந்ததுதான், மறுபேச்சு கிடையாது.

லீமா இரண்டு ஊர்ப் பெயர்களையும் எழுதி மடித்தாள். கருவாட்டுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்து, மூன்றாவதாக ஒரு வெறுந்தாளை எடுத்து மடித்தார்.

"அது எதுக்கு?"

"வேண்டாம்ணு சொல்லதுக்கு அவருக்கும் ஒரு எடம் வேணும்லா?"

"அது வந்தா?"

"வந்தா வீட்டுல இருக்கணும், ஏட்டி."

அவளுக்கு எந்த ஊர் என்ற கவலையெல்லாம் அந்த நிமிடமே போய்விட்டது.

4

கோவிலில் மூன்று சீட்டும் ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள். லீமா கண்ணை மூடிக் கைவிட்டாள். முதல் சீட்டு வழவழவென்றிருந்தது. அடுத்ததில் விரல் நறநறவென்று உரசியது. உப்பு! அப்பா மடித்த சீட்டு. அதை விட்டுவிடலாம். விட்டால் அந்தோனியாரை ஏமாற்றியது ஆகும். எடுத்தால் படிப்பு போச்சு.

"உப்பு வெரல்ல பட்டுது மக்கா" என்று லீமா அம்மாள் பஸ்ஸில் சொன்னபோதுதான் அவருடைய நிறுத்தம் வந்து கண்டக்டர் விசிலடித்தார். பாவி மனுஷன்!

5

முடிவு அ: திருவனந்தபுரம். நவம்பரில் எல்லை மாறுகிறது, அவள் ஒவ்வொரு நாளும் வேறொரு மாநிலத்துக்குப் படிக்கப் போய் வந்து—

முடிவு ஆ: சென்னை. ரயில் ஜன்னலில் அப்பா ஒரு கருவாட்டுப் பொட்டலத்தை—

முடிவு இ-யை எழுதப் பேனா எடுத்தேன். மனசு வரவில்லை.

இரண்டையும் அடித்துவிட்டேன். என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. லீமா அம்மாள் இடையில் போகிறபோக்கில் சொன்னது: "அப்பா எந்தச் சோலி பாத்தாலும் கைகழுவாம ஒரு காயிதத்தத் தொடமாட்டாவ."

அப்படிப்பட்டவர் அன்றைக்கு மட்டும் ஏன் உப்புக் கையோடு மடித்தார்? மறந்தா? 'போய்ப் படி' என்று மகளுக்கு நேராகச் சொல்லப் பயந்ததை அந்த உப்பில் வைத்துச் சொன்னாரா?

அது அந்தச் சிரட்டைக்குள் அவளுக்குத் தோன்றியிருக்குமா? எனக்குத் தெரியாது. கண்ணை மூடுங்கள். விரலில் உப்புப் படுகிறது. பின்னால் அப்பா முழங்காலில் நிற்கிறார். இனி நீங்கள்தான் எடுக்க வேண்டும்.