ஊசிப்பெட்டிப் பங்குகள்

வெள்ளைக்கல் தோட்டத்து டீமேக்கர் பத்மநாதனுக்கு அந்த ஆடி மாதம் சோறும் இறங்கவில்லை, கண்ணும் மூடவில்லை. ஏதோ வருத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். மனுசன் சந்தோசத்தில் கால் தரையில் படாமல் திரிந்தார். அவர் மூன்று ரூபாய்க்கு வாங்கிய பங்கு ஒன்பது ரூபாய்க்குப் போயிருந்தது. ஒன்று இரண்டல்ல, நூறு பங்கு!

வாங்கியபோது சிரிக்காத ஆள் இல்லை. பங்கு வாங்குகிற பெரிய மனிதர்கள் தேயிலைக் கம்பனியில் போடுவார்கள், ரப்பர்க் கம்பனியில் போடுவார்கள். இவர் போட்டது, கொழும்பில் யாரோ ஒருவருடைய பழைய கராஜுக்குள் தொடங்கிய ரன்கிரி இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற குட்டிக் கம்பனியில். அவர்கள் செய்தது ஒரேயொரு சாமான். ஒரு பெட்டி, அதன் முகத்தில் ஒரு ஊசி, வயரின் நுனியில் இரண்டு முள். முள்ளைக் கொழுந்தில் குத்தினால் ஊசி ஆடி, கொழுந்தில் எவ்வளவு ஈரம் மிச்சம் என்று காட்டும். பறித்த கொழுந்தைத் தொழிற்சாலை மேல்மாடியில் பரப்பி வாட்டிய பிறகுதான் அரைக்க இறக்குவார்கள். போதிய அளவு வாடிவிட்டதா என்று உள்ளங்கையில் அழுத்திப் பார்த்துச் சொல்வது டீமேக்கரின் வேலை. அது ஒரு நாள் பிழைத்தால் அன்றைய தேயிலை அவ்வளவும் பாழ். முப்பது வருடம் அந்தப் பயத்தோடு வாழ்ந்த மனுசனுக்கு, பத்திரிகையில் பெட்டியின் படத்தைப் பார்த்ததும் உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று. இது ஓடும் என்று அன்றைக்கே சத்தியம் செய்தார்.

காரணம் அது மட்டுமல்ல. அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. ஐம்பத்தைந்தில் வேலை முடியும், அன்றைக்கே குவார்ட்டர்ஸைப் பூட்டித் திறப்பைத் தோட்டத்துத் துரையிடம் கொடுத்துவிட வேண்டும். ஊரில் இருந்த காணி தங்கச்சிமாருக்குச் சீதனமாய்ப் போய்விட்டது. ஹாலிஎலயில் கடை வைத்திருந்த இத்ரூஸ் முதலாளியிடம் ரயில் பாதைக்கு அப்பால் இருபது பேர்ச் நிலம் இருந்தது. ஆயிரம் ரூபாய் விலை. ஆவணி முடியும்வரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று இத்ரூஸ் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த நிலம் கிடைக்குமா கிடைக்காதா என்பது இப்போது அந்த ஊசியின் கையில்.

அப்போதுதான் பெரிய விசயம் நடந்தது. ஊவாவில் ஊசிப்பெட்டியைச் சோதித்துப் பார்க்க ஒரு தொழிற்சாலையைத் தெரிந்தெடுத்தார்கள். எதை? வெள்ளைக்கல்லை! டீமேக்கர் அறிக்கை எழுதவேண்டும், அது நன்றாக இருந்தால் முப்பது தொழிற்சாலைகளுக்கு ஒரே ஓடர். பத்மநாதன் தன் பங்கைப் பற்றித் துரையிடம் மூச்சு விடவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று இருந்தார், துரை கேட்கவில்லை.

கம்பனி இஞ்சினியர் விஜேதுங்க பெட்டியோடு வந்து இறங்கினார். ஆடி பிறந்தும் மழை விடாத நாட்கள். முதல் நாள் ஊசி “போதும்” என்றது. பத்மநாதன் ஒரு பிடி அள்ளி அழுத்தினார். அவருடைய கையும் “போதும்” என்றது. இரண்டாம் நாளும் அப்படியே, மூன்றாம் நாளும் அப்படியே. பத்திரிகைக்காரன் எங்கிருந்து மோப்பம் பிடித்தானோ, நாலாம் நாள் செய்தி வந்துவிட்டது.

இத்ரூஸ் கடை வாசலில் நின்று பத்திரிகையைத் தலைக்கு மேலே ஆட்டினார். “டீமேக்கர் ஐயா! பதினொண்ணு! பதினொண்ணு போட்டிருக்கு! ஒங்கட பெட்டி பேயாட்டம் ஆடுது!”

அன்று வீட்டில் அவருடைய மனைவி செல்வநாயகி சோற்றைப் போட்டபடி கேட்டாள். “இஞ்சருங்கோ, இப்பவே வித்துப்போட்டுக் காணியை எழுதினால் என்ன?”

“விசர்க் கதை கதையாதை. உது இருபதுக்குப் போகும். இருபது எண்டால் காணிக்கு மேலை வீட்டுக்கு அத்திவாரமும் போடலாம்.”

“ஓம், ஓம். கூரையையும் உங்கடை ஊசியே போட்டுத் தரும்.”

அடுத்த நாள் விடியக் காச்சான் தொடங்கியது. ஊவாவில் இருப்பவர்களுக்குத் தெரியும் அந்தக் காற்று. ஆடியில் கிளம்பினால் தோல் வெடிக்கும், உதடு வெடிக்கும். ஆனால் கொழும்பில் ஏலக்காரர்கள் மூக்கை விட்டு முகர்ந்து விலை போடுகிற தேயிலை அந்தக் காற்றில்தான் விளையும். இஞ்சினியர் ஏதோ வயர் வாங்க பண்டாரவளைக்குப் போயிருந்தார். பத்மநாதன் தானே முள்ளைக் குத்தினார். ஊசி “போதும்” என்றது. இவ்வளவு சீக்கிரமா? ஒரு பிடி அள்ளி அழுத்தினார். இலை பொரித்த அப்பளம்போல நொறுங்கியது. காம்பை மடித்தார், டக்கென்று முறிந்தது. வாடிய காம்பு மடங்கவேண்டும், முறிந்தால் உள்ளே ஈரம் அப்படியே இருக்கிறது. சோதனைக்கு ஒரு ரோலர் கொழுந்தை மட்டும் அரைக்கச் சொல்லி, காய்ந்து வந்ததும் ஊற்றிக் குடித்துப் பார்த்தார். பச்சைப் புல்லைக் காய்ச்சின மாதிரி இருந்தது.

அடக் கடவுளே! பெட்டி பொய் சொல்லுகிறது. அதுவும் ஊவாவின் நல்ல காலத்திலேயே பொய் சொல்லுகிறது. கராஜில் இருந்து பெட்டி செய்தவர்களுக்குக் காச்சானைப் பற்றி என்ன தெரியும்? காற்று இலையை மட்டும் உலர்த்திவிட்டுக் காம்பை விட்டுவிடும் என்று அவர்களுக்கு யார் சொன்னது? இதை அறிக்கையில் எழுதினால் பதினொரு ரூபாய் அடுத்த நாளே ஒரு ரூபாய்.

பத்மநாதன் கெட்டவர் அல்ல. தொழிலாளிகளின் பெயர் வெட்டி நாட்கூலியைப் பறித்தவர் அல்ல, தேயிலைத் தூளில் ஒரு கரண்டி வீட்டுக்குக் கொண்டு போனவர் அல்ல. ஆனாலும் அன்று பின்னேரம் அவருடைய கால்கள் நேரே ஹாலிஎலத் தபால் கந்தோருக்குப் போயின. இத்ரூஸின் கடை வழியாகப் போகாமல் பின்பாதையால் போயின. கொழும்புத் தரகருக்குத் தந்தி அடித்தார், நூறையும் விற்கச் சொல்லி. வாங்கப் போகிறவன் யாரோ கொழும்புப் பணக்காரன், அவனுக்கு இது ஒரு மூக்குப்பொடிச் செலவு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். துரை அறிக்கை எங்கே என்று கேட்டபோது, இன்னும் நாலு நாள் பார்ப்பம் சேர் என்றார். நாலு நாளும் பெட்டி சொன்னதைக் கேட்காமல் தன் கையைக் கேட்டே கொழுந்தை இறக்கினார். இஞ்சினியர் கேட்டதற்கு, இரண்டையும் ஒப்பிடுகிறேன் என்று மழுப்பிவிட்டார்.

ஐந்தாம் நாள் தரகரின் உறை வந்தது. தொழிற்சாலைக் கந்தோரில் கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தார். பதினொன்றுக்கே போயிருக்கிறது! ஆயிரத்து நூறு! காணி கைக்கு வந்துவிட்டது! நெஞ்சு மேளம் அடித்தது. உள்ளே பங்கை மாற்றிக் கொடுக்கிற பத்திரம். விற்பவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி. பேனாவை எடுத்தார். வாங்குகிறவரின் பெயர் மேலே தட்டச்சில் இருந்தது. யார் அந்தக் கொழும்புப் பணக்காரன் என்று சும்மா ஒரு ஆசைக்குப் பார்த்தார்.

கருப்பன் முருகையா, தொழிற்சாலை, வெள்ளைக்கல் தோட்டம், ஹாலிஎல.

பத்மநாதனுக்குத் தலை கிறுகிறுத்தது. மூன்று தரம் வாசித்தார். முருகையா மேல்மாடியில் கொழுந்து பரப்புகிற ஆள். பதினெட்டு வருடம் அவரோடு அதே மாடியில் நிற்கிறவன். இப்போதும் தலைக்கு மேலே பலகையில் அவனுடைய காலடிச் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஐம்பத்திரண்டு வயதில், பத்திரத்தைச் சட்டைப் பைக்குள் சொருகிக்கொண்டு அந்தப் படிகளை அவர் அப்படி ஓடி ஏறியதை யாரும் முன்பு கண்டதில்லை.

“முருகையா! ரன்கிரிப் பங்கு வாங்கினது நீயோ?”

முருகையா கையில் இருந்த கொழுந்தை உதறிவிட்டு நிமிர்ந்தான். “ஆமாங்கய்யா. இத்ரூஸ் மொதலாளி சொல்லிட்டாருங்களா? சொல்லமாட்டேன்னாரே.”

“அவர் சொல்லேல்லை. உனக்கு எங்காலை இவ்வளவு காசு?”

“நான் மட்டும் இல்லீங்க. நம்ம தொழிற்சாலை ஆளுங்க இருவது பேரு. சீட்டுக் காசுங்க. இத்ரூஸ் மொதலாளிதான் எம்பேருல தரகருக்கு எழுதிப் போட்டாரு.”

இருபது பேர்! பத்மநாதன் அவனுடைய கையைப் பிடித்தார். “வேண்டாம், விட்டிடு. காசைக் கட்டாதை. வித்தது நான்தான். பெட்டி பிழை, முருகையா. காச்சானுக்கு ஊசி பொய் சொல்லுது. எனக்கு அது தெரியும், தெரிஞ்சுகொண்டுதான் வித்தனான். நான் செய்தது துரோகம்.”

சொல்லி முடித்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கம் கெட்ட அழுகை. முருகையா கத்துவான், காறித் துப்புவான் என்று நின்றார். அவனோ தலையைச் சொறிந்தான்.

“ஊசி பொய் சொல்லுறது எனக்கும் தெரியுங்கய்யா.”

“என்ன தெரியும்?”

“எலையில குத்துனா பொய் சொல்லுது. இங்க வாங்க.” பெட்டியை இழுத்து வைத்தான். முள்ளை இலையில் குத்தினான். ஊசி “போதும்” என்றது. அதே கொழுந்தின் காம்பில் குத்தினான். ஊசி விருட்டென்று ஈரத்தின் பக்கம் ஓடியது. “பாத்தீங்களா? எலையிலயும் குத்தணும், காம்புலயும் குத்தணும். ரெண்டுலயும் போதும்னு காட்டுனா வாடிருச்சுன்னு அர்த்தம். இஞ்சினியரு சோத்துக்குப் போற நேரமெல்லாம் குத்திப் பாத்தேன். ஒரு தடவகூடத் தப்பலீங்க. பெட்டி தங்கம். அவங்களுக்குத்தான் எங்க குத்துறதுன்னு தெரியல.”

பத்மநாதன் முள்ளைப் பிடுங்கித் தானே குத்தினார். கொழுந்து பரப்பிய வேறு தட்டில் குத்தினார், ஜன்னலோரத் தட்டில் குத்தினார், கையால் அழுத்தினார், காம்பை மடித்தார், மறுபடியும் குத்தினார். சரி! சரி! எல்லாமே சரி! சின்னப்பிள்ளைபோல மாடி முழுக்க ஓடினார்.

“எட மடையா! இதை ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?”

“யாருங்கய்யா கேட்டா?” என்றான் முருகையா. “பெட்டியத் தொடாதேன்னாரு இஞ்சினியரு. நீங்க எழுதிக்கிட்டே இருந்தீங்க.”

பத்மநாதனுக்கு ஓட்டம் நின்றது. அப்போதுதான் சட்டைப் பைக்குள் இருந்த பத்திரம் நெஞ்சில் குத்தியது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை! பெட்டி சரியென்றால் பங்கு இருபதுக்குப் போகும். “வேண்டாம், விட்டிடு” என்று இப்போதுதான் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார். கிழித்துப் போட்டால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? காணி, அத்திவாரம், சுவர், கூரை எல்லாம் கண் முன்னே வந்து நின்றன.

“ஐயா,” என்றான் முருகையா. அவனுடைய கண் அந்தச் சட்டைப் பையில்தான் இருந்தது. “கையெழுத்துப் போட்டுட்டீங்களா?”

கீழே ரோலர்கள் இரைந்தன. ஒரு நிமிடத்துக்கு முன் கிழித்திருந்தால் அது முருகையாவுக்காக. இப்போது கிழித்தால் யாருக்காக? பத்மநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு பத்திரத்தை எடுத்தார். ஊசிப்பெட்டியின் மேலேயே வைத்து, பேனா கிறுக்கக் கையெழுத்துப் போட்டு, அவன் கையில் திணித்தார். திணித்ததும், என்ன அதிசயமோ, நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் கொழுந்துக்கு நடுவே நின்று விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அறிக்கை அன்றே போயிற்று. காம்பில் குத்தும் முறையைக் கண்டுபிடித்தவர் முருகையா என்று முதல் வரியிலேயே எழுதினார். தனக்குப் பங்கு இருந்ததையும் விற்றதையும் கடைசி வரியில் எழுதினார். துரை ஒரு தரம் முறைத்துவிட்டு விட்டுவிட்டார். இஞ்சினியர் முருகையாவின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். ஆவணி முடிய இரண்டு நாள் இருக்கும்போது இருபது பேர்ச்சும் செல்வநாயகியின் பெயருக்கு எழுதியாயிற்று. அடுத்த கிழமை முப்பது தொழிற்சாலை ஓடரும் வந்தது. இத்ரூஸ் பத்திரிகையோடு ரோட்டுக்கே ஓடிவந்தார். “இருவத்திரெண்டு! யா அல்லாஹ், இருவத்திரெண்டு!”

தொழிலாளர் லயத்தில் இருபது பேருடைய காம்பராக்களிலும் அன்று இறைச்சிக் கறி மணந்தது.

“காணி கிடைச்சதே போதும், பேசாமல் சாப்பிடுங்கோ,” என்றாள் செல்வநாயகி. “உங்கடை அத்திவாரத்தை முருகையா போட்டிட்டான்.”

அடுத்த நாள் பத்மநாதன் பத்திரிகையை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு மேல்மாடிக்கு ஏறினார். முருகையா குனிந்து கொழுந்து பரப்பிக்கொண்டிருந்தான். அவர் கொஞ்ச நேரம் கனைத்துக்கொண்டு நின்றார்.

“முருகையா, வேறை ஒரு கம்பனி பம்பு செய்யுதாம். படம் போட்டிருக்கு. நீ என்ன நினைக்கிறாய்?”

முருகையா நிமிர்ந்து பார்த்தான். அவன் முகம் மெல்ல மலர்ந்தது.

“பதினெட்டு வருசத்துல இப்பத்தான்யா என்னக் கேக்குறீங்க,” என்றான்.

பத்மநாதன் ஒரு சாக்கை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பத்திரிகையை இரண்டு பேருக்கும் நடுவில் விரித்தார்.