நாற்பது ஓம்

எங்கள் பக்கத்தில் மண் தோண்டும் எக்ஸ்கவேட்டர் ஒன்று மக்கர் செய்தால் வருகிற மெக்கானிக் எல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடுவான்: "கண்ட்ரோலர் போச்சு." கண்ட்ரோலர் என்பது மெஷினின் மூளை. மூளை போய்விட்டது என்று சொல்ல மூளை எதற்கு? நான் பெனின். தக்கலையிலிருந்து லேப்டாப்பும் மீட்டருமாக பைக்கில் போய், பழைய மெஷின்களின் வயர்களைச் சோதித்துக் கோளாறு சொல்பவன். பத்து வருஷத்தில் நான் சொன்னது ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்று பீற்றிக்கொள்வேன். ஜனங்களும் அதை நம்பினார்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

கிருஷ்ணமணி அண்ணாச்சி போன் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். திருவட்டாறில் கடை வைத்திருப்பவர். இரண்டு வருஷமாகப் பழைய மெஷின் ஒன்றை வாங்கி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். அதை ஓட்டுபவன் அஜின். முந்தின வெள்ளிக்கிழமை, மரம் வெட்டி முடிந்த ஒரு ரப்பர் சரிவில் அவன் வேர் மூடுகளை, அதாவது அடிக்கட்டைகளை, தோண்டி எடுத்துக்கொண்டிருந்தான். சுற்றித் திரும்பிய மெஷின் பாதியில் நிற்க, பக்கெட்டில் இருந்த மூடு ஒன்று உருண்டு, கீழே விறகு பொறுக்கிக்கொண்டிருந்த முத்துக்கனி என்ற பெண்ணின் தொடையில் விழுந்துவிட்டது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து அவள் நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அஜின் போன் பார்த்துக்கொண்டு ஓட்டினான் என்று ஊர் முழுக்கப் பேச்சு.

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணாச்சியும் அஜினும் சரிவின் அடியில் நின்றார்கள்.

"நாளைக்கு ஸ்டேஷன்ல கேஸ் எழுதப் போறாவ," என்றார் அண்ணாச்சி. "மெஷினப் பத்தி மெக்கானிக்கக் கொண்டு எழுதி வாங்கிட்டு வரச் சொல்லியாச்சு. ரெண்டு பேரு பாத்து ஒண்ணும் இல்லன்னுட்டான். ஆனா எழுதித் தர பயப்படுகான். நீ எழுதினா நாலு பேரு நம்புவான், கேட்டியா."

அஜினுக்கு முப்பது வயது இருக்கும். கத்தாரில் ஆப்பரேட்டர் வேலைக்கு விசா வந்து கையில் இருந்தது. போலீஸ் சர்ட்டிபிகேட் ஒன்றுதான் பாக்கி. கேஸ் அவன் பேரில் விழுந்தால் சர்ட்டிபிகேட்டும் கிடையாது, கத்தாரும் கிடையாது.

"அண்ணா, போனு பாக்கெட்டுலதான் கெடந்துச்சு," என்றான் அவன். "சுத்திக்கிட்டு இருக்கும்போ திரையில செவப்பா எழுத்து வந்துச்சு. சடார்னு நின்னு போச்சு. ஒடனே பழையபடி ஆயிப்போச்சு. சொன்னா ஆரும் நம்பல்ல."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்," என்றார் அண்ணாச்சி.

முதலில் வந்த இரண்டு மெக்கானிக்குகளும் மெஷினை ரோட்டில் இறக்கி வைத்துத்தான் பார்த்திருக்கிறார்கள். சரிவில் வந்த கோளாறைச் சமதளத்தில் தேடிய கெட்டிக்காரர்கள். விபத்து நடந்த அதே இடத்தில், அதே சாய்வில் மெஷினை நிறுத்தச் சொன்னேன். லேப்டாப்பை மாட்டியதும் தெரிந்தது. மெஷினுக்குள் இருக்கும் பல கண்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேசுவது விட்டுவிட்டுப் போயிருக்கிறது, பதினோரு தடவை. எந்த நாளில் என்று அந்தப் பழைய மெஷின் சொல்லாது. அஜின் சொன்னது பொய்யில்லை என்று எனக்குப் பட்டது. வாயைத் திறக்கவில்லை. முழுக்கக் கண்டுபிடித்துவிட்டுச் சொன்னால்தானே கெத்து.

அந்தப் பேச்சு நடப்பது முறுக்கிய இரண்டே வயர்களில். இரண்டு முனையிலும் நெல்மணி அளவில் ஒவ்வொரு ரெசிஸ்டர், நூற்றிருபது ஓம். இவை கூடக் கூட மீட்டர் காட்டும் எண் குறையும்; இரண்டும் சேர்ந்து அறுபது காட்ட வேண்டும். ஒன்று விட்டுப்போனால் நூற்றிருபது காட்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தேன்.

நாற்பது.

நாற்பது என்றால் ஒன்று கூடுதல். கம்பெனி வைத்தது இரண்டு. மூன்றாவதை யாரோ ஒருவன் இடையில் சொருகியிருக்கிறான். "எவன்லே இந்த வேலையப் பாத்தவன்?" என்று கேபினுக்குள் இருந்தே சத்தமாகத் திட்டினேன். சீட்டைக் கழற்றினேன். பின்னால் போகும் வயர்க் கட்டில் ஓரிடம் தடித்திருந்தது. கறுப்பு டேப். டேப்புக்கு மேல் மீன்வலை நூலில் இரண்டு முடிச்சு.

எங்கள் அப்பா குளச்சலில் வலை பின்னியவர். டேப் சூட்டில் இளகும் என்று அதன்மேல் வலை முடிச்சுப் போடுவது என் பழக்கம். இந்த ஜில்லாவில் வேறு எந்த மெக்கானிக்கும் அதைச் செய்வதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன், மார்த்தாண்டம் பக்கம் பழைய மெஷின் விற்கும் ஒரு புரோக்கரின் யார்டில் வைத்து நான் கட்டியது. அப்போது மெஷினுக்கு வேறு நிறம். தரைத்தகட்டுக்கு அடியில் வயர் இணைப்பு ஊசி ஒன்று தளர்ந்து, ஒரு முனை ரெசிஸ்டர் விட்டுப்போயிருந்தது. தகட்டைக் கழற்றினால் ஒரு நாள் போகும் என்று நினைத்தேன். புரோக்கரிடமோ மத்தியானம் மெஷினைப் பார்க்க ஆள் வருவதாக இருந்தது. சீட்டுக்குப் பின்னால் ஒரு ரெசிஸ்டரைக் கட்டிவிட்டேன். அறுபது காட்டியது. "வாங்குகவன் பெறவு பாத்துக்கிடுவான்," என்றான் புரோக்கர். நானும் சிரித்தேன். சமதளத்தில் ஒரு தொல்லையும் இல்லை. மெஷின் சரிவில் சாயும்போது தளர்ந்த ஊசி தானாகப் போய்த் தொடும், மூன்றும் சேரும், பேச்சு குழறும்.

கேபினிலிருந்து எட்டிப் பார்த்தேன். வெளியே அண்ணாச்சி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். என் கை என்னைக் கேட்கவில்லை. முடிச்சோடு சேர்த்து அந்த ரெசிஸ்டரை வெட்டி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். தரைத்தகட்டைக் கழற்றி ஊசியை இறுக்கினேன். ஒரு நாள் ஆகும் என்று சோம்பிய வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மீட்டர் அறுபது காட்டியது. லேப்டாப்பில் இருந்த பதினோரு கோளாறையும் அழித்தேன். இனி அந்த மெஷினைக் கொண்டு எவனாலும் எதையும் நிரூபிக்க முடியாது. இறங்கி வந்தேன்.

"என்ன பெனினே?"

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

அண்ணாச்சி காகிதத்தை நீட்டினார். அஜின் கோபப்படுவான், சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்தேன். அவன் ஒரு வேர் மூட்டின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"நல்லா பாத்தியளா அண்ணா?"

"பாத்தாச்சு."

"அப்பம் எனக்க கைத்தப்புதான்," என்றான். "நீங்க பாத்தா தெரிஞ்சிரும்னு இருந்தேன். எழுத்து வந்துச்சுன்னு நான்தான் நெனச்சிருப்பேன் போல. நாலு நாளா நெனச்சு நெனச்சு இப்பம் எனக்கே ஒண்ணும் தெரியல்ல. அந்த அக்காக்க கால்ல போயி விழணும். நீங்க எழுதுங்க."

என் பேனா எழுதவில்லை. இரண்டு தடவை உதறிப் பார்த்தேன். அவன் எழுந்து வந்து தன் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்துத் தந்தான்.

தேதி எழுதினேன். "மெஷினில்" என்று எழுதினேன். அதற்கு மேல் எனக்கு முடியவில்லை. பையில் இருந்ததை எடுத்து அண்ணாச்சியின் கையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். யார்டு, புரோக்கர், முடிச்சு, சற்றுமுன் அழித்தது வரைக்கும்.

"உனக்குக் கிறுக்கா?" என்றார் அண்ணாச்சி. "இனி எவன் உன்னக் கூப்பிடுவான்? கேஸ் உனக்க மேலல்லா வரும்?"

வரும்தான். அதையே காகிதத்தில் எழுதினேன்: கோளாறு இருந்தது, அதை வைத்தவன் நான். கையெழுத்தும் போட்டேன்.

"அப்போ நான் இல்லியா?" என்றான் அஜின்.

"நீ இல்ல மக்கா."

"நான் இல்லியா?"

"இல்ல."

மூன்றாம் தடவையும் கேட்டான். மூன்றாம் தடவையும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அழுதான், சின்னப்பிள்ளை மாதிரி, வாயைத் திறந்து. நான் தோளைத் தொடப் போனேன். கையைத் தட்டிவிட்டான்.

அழுது முடித்துக் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி முழுக்க வாசித்தான். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு என் பைக் நின்ற இடத்துக்கு நடந்தான்.

"ஸ்டேஷனுக்குப் பெறவு போலாம்," என்றான், என் முகத்தைப் பார்க்காமல். "மொதல்ல ஆஸ்பத்திரிக்கு எடுங்க. அக்காட்ட நீங்களே சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டாவ."

நான் பைக்கை எடுத்தேன். அவன் பின்னால் ஏறிக்கொண்டான்.