இரண்டு இரைச்சல் நீக்கிகள்

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் அவருக்குச் சைலன்சர் என்று பேர். வைத்தவர் முதலாளி. காலையில் வந்து உட்கார்ந்தால் சாயங்காலம் ஷட்டரை இழுத்து மூடும்வரை அவர் வாயிலிருந்து பத்து வார்த்தை உதிர்ந்தால் அதிகம். அந்தப் பத்திலும் ஏழு "டிரைவர்" என்பதாக இருக்கும். கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு பாகத்தையும் இயக்க ஒரு குட்டி மென்பொருள் உண்டு, அதற்குத்தான் டிரைவர் என்று பேர். இது புரியாத அவருடைய அத்தை ஒருத்தி, "அவன் டிரைவர் வேலை பாக்கறான்" என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவைத்தாள். லாரிக்கு ஆள் வேண்டும் என்று இரண்டு பேர் போன் செய்ததும் நடந்தது.

விளையாட்டுக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் பாவம். கம்பெனிக்காரன் தன் டிரைவர்களை முன்கூட்டியே ஏற்றித்தான் பெட்டியை அனுப்புகிறான். வாங்கியவர் புது ஹெட்செட்டைச் செருகினால் அதுவும் தன் டிரைவரைக் கூட்டிக்கொண்டு வரும். ஒரே உறைக்குள் இரண்டு கத்தி; அப்புறம் சண்டைக்குக் கேட்கவா வேண்டும்? பழையதை நீக்கினாலும், இன்டர்நெட் மட்டும் இருந்துவிட்டால், வாசலில் விரட்டியது கொல்லை வழியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் சைலன்சர் முதலில் நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டுத்தான் கையை வைப்பார். அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

ஆனால் வீட்டில் அவருக்கு ஒருவரும் இல்லை. மனைவி ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பத்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மகள் இப்போது வேறு ஊரில் கல்லூரியில் படிக்கிறாள். போனில் அப்பாவும் மகளும் பேசினால் ஒரு "ம்", ஒரு "சரி", பிறகு மூச்சுச் சத்தம். பெற்ற அப்பாவே ஆனாலும் எத்தனை நேரம்தான் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பது? அதனால் மகளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு இருவரும் ஒரு விளையாட்டுக்குள் போய், ஒரு தீவில் மரம் வெட்டி வீடு கட்டுவார்கள். கைக்கு வேலை இருந்தால் வாய் கொஞ்சம் இளகும் ரகம் அவர். வாரம் முழுக்க அவர் மனுஷனாக இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பழைய கம்ப்யூட்டர் செத்துப்போக, புதிது ஒன்றும் அதற்கு ஒரு ஹெட்செட்டும் வாங்கினார். அதில் ஐந்தாவது ஞாயிறு, எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, ஒன்பது வருஷமாகத் தொண்டையில் கிடந்ததைச் சொல்லிவிட்டார். அவர்கள் வீட்டைவிட்டுப் போன அன்று வெளியே வந்து வழியனுப்பாமல் இருந்தது தன் தப்பு என்றார். மகள் கொஞ்ச நேரம் கழித்து, "கூரைக்குப் பலகை பத்தல" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் பேச்சு வாரத்துக்கு வாரம் தேய்ந்துகொண்டே போனது. போன ஞாயிறு, "இனிமே வர முடியுமான்னு தெரியலப்பா. அடுத்த வாரம் பத்து நிமிஷம் வரேன், அப்ப சொல்றேன்" என்றாள்.

சொன்னதைக் கேட்டுவிட்டாள், மன்னிக்க முடியவில்லை. சைலன்சர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம் ஒரு நர்ஸ் தன் கம்ப்யூட்டரையும் ஹெட்செட்டையும் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"அண்ணா, கேம்ல நான் பேசுறது யாருக்கும் கேக்கல. கத்துனா மட்டும் கேக்குதாம். வார்டுல மெதுவாப் பேசியே பழகிட்டேன், எனக்குக் கத்த வராது."

அவர் வீட்டில் இருக்கும் அதே மாடல். உள்ளே பார்த்தார். கம்பெனி ஏற்றி அனுப்பிய ஒலி டிரைவரில் ஓர் இரைச்சல் நீக்கி. ஹெட்செட்டின் டிரைவரிலும் ஓர் இரைச்சல் நீக்கி. மின்விசிறிச் சத்தத்தை அடக்க ஒன்று போதும். இங்கே முதலாவது வெட்டியதுபோக மிஞ்சிய குரலையும் இரைச்சல் என்று இரண்டாவது வெட்டிக்கொண்டிருந்தது. சோதித்துப் பார்க்க, தன் குரலில் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லிப் பதிவு செய்தார்.

பதிவில் ஒன்றுமே இல்லை. இன்னொரு முறை சொன்னார். அப்போதும் இல்லை.

"என்னண்ணா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றாள் நர்ஸ்.

"இது கத்துறவங்களுக்குச் செஞ்ச மெஷின்மா" என்றார். அவளுடைய கம்ப்யூட்டரைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, முதலாளியிடம் தலைவலி என்று சொல்லி வீட்டுக்கு ஓடினார். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவர், தன் முதுகைப் பார்க்கவில்லை. மகளின் குரல் தனக்கு நன்றாகக் கேட்டதால், தன் குரலும் போகிறது என்று இருந்துவிட்டார். நெட் ஒயரைப் பிடுங்கி, கம்பெனி டிரைவரை வேரோடு எடுத்துவிட்டுப் பதிவு செய்து பார்த்தார். தன் குரல் கரகரவென்று திரும்பி வந்ததைக் கேட்டபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியானால் அவள் மன்னிக்க மறுக்கவில்லை. அவளுக்குக் கேட்கவே இல்லை.

ஞாயிறு நான்கு மணி தாண்டிப் பத்து நிமிடம் கழித்து மகள் வந்தாள்.

"வந்துட்டேன்பா. சீக்கிரம் போகணும்."

"சரிம்மா."



"அப்பா? நீங்களா பேசுனீங்க?"

"நான் எல்லா வாரமும் பேசிட்டுத்தாம்மா இருந்தேன்" என்று தொடங்கி, இரண்டு இரைச்சல் நீக்கிகளின் கதையை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். பிறந்ததிலிருந்து மகள் அவர் வாயிலிருந்து இத்தனை வார்த்தைகளைச் சேர்ந்தாற்போல் கேட்டதில்லை. அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"இருமுனது கேட்டுச்சுப்பா. கதவு சாத்துறது கேட்டுச்சு. அதனால மைக் நல்லாத்தான் இருக்குன்னு நினைச்சேன். சாப்பிட்டீங்களா, உடம்பு எப்படி இருக்குன்னு எத்தனை தடவை கேட்டேன்? பதிலே வரல. என்கிட்ட பேசப் பிடிக்கல போலன்னு விட்டுட்டேன்."

"ஐயோ, இல்லம்மா. சாப்பிட்டேன்னு சொன்னேன். ஒவ்வொரு தடவையும் சொன்னேன்."

"வேற என்ன சொன்னீங்க?"

'சும்மா' என்று ஒரு சொல் இருக்கிறதே, அது காப்பாற்றிவிட்ட கோழைகளுக்குக் கணக்கே கிடையாது. அது அவருடைய நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினார். முதல் தடவை சொன்னபோது இருந்த தைரியத்தில் பாதிகூட இப்போது இல்லை.

"நீங்க கிளம்புன அன்னைக்கு நான் உள்ள ஒரு கம்ப்யூட்டர ரிப்பேர் பண்ணிட்டிருந்தேன்ல. அதுல ஒரு ரிப்பேரும் இல்லம்மா. சும்மா திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். வெளிய வர பயமா இருந்துச்சு. வந்திருக்கணும்."

திரையில் பச்சைக் கோடு தன் குரலுக்கு ஆடியதை அவர் பார்த்திருந்தார். இருந்தும் தொழில் பழக்கம் விடவில்லை.

"கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சுப்பா."

தீவில் கட்டி முடிக்காத வீட்டின் முன்னால் இரண்டு உருவங்களும் சும்மா நின்றன. அவள் மூச்சுவிடுவது மட்டும் அவருக்குக் கேட்டது.

"நான் வண்டில உக்காந்து வாசலையே பாத்துட்டிருந்தேன்" என்றாள். "வண்டி திரும்புற வரைக்கும் பாத்தேன்."

"தெரியும்மா. ஜன்னல் வழியா பாத்தேன்."

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஆனால் இந்த முறை அவர் சொன்னது அத்தனையும் போய்ச் சேர்ந்துவிட்டது.

"சரிப்பா. நேரமாச்சு."

"அடுத்த ஞாயித்துக்கிழமை..."

"பாக்கலாம்பா."

பார்க்கலாம் என்றால் சந்திக்கலாம் என்றும் ஆகும், வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல மனம் வரவில்லை என்றும் ஆகும். இதில் எது என்று கேட்க அவர் வாயெடுப்பதற்குள் அவள் போய்விட்டிருந்தாள்.